பிழையான பக்கம்

பேப்பர்க்காரர்கள் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.
அது றெஜினோல்டுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது, அப்போது.

எழுபதாம் ஆண்டு. கச்சான் காற்று மாதம்.
உலகக் கிண்ணம் எங்கேயோ ஒரு வெயிலில் நடந்தது,
திருகோணமலைக்கு வந்தது அரைச்சாண் கறுப்பு வெள்ளை:
இங்கிலாந்தின் கோல்காப்பாளன்
கம்பத்தடியில், காற்றில், கிடையாக;
விரல்நுனிக்கு மேலே ஒரு மங்கல் உருண்டை.
முதுகில் ஒற்றைக் கோடாய் ஒன்று.
ஒன்றுக்கு ஏது இடம், ஏது வலம்?
வேறெந்த எண்ணாயிருந்தாலும் காட்டிக் கொடுத்திருக்கும்.

சோற்றுப் பசையால் அதை
டொக்யார்ட் அலுமாரிக் கதவில் ஒட்டினான் றெஜினோல்ட்.
பாணுக்கும் பிளேன்டீக்கும் நடுவே
பார்த்துக்கொண்டு நிற்பான்.
இடக்கை மட்டும் தன்பாட்டில் உயரும்.

பின்னேரங்களில் டச்சுக்குடா மணலில் பாய்ந்தான்.
இடப்பக்கம். இடப்பக்கம். இடப்பக்கம்.
நண்டுகள் அந்தப் பக்கத்தைக் காலிசெய்து போயின.
இடுப்பில் ஒரு பக்கத் தோல் மட்டும்
உரிந்து, காய்ந்து, திரும்ப உரிந்தது.
கோணேசர் மணி கேட்கிற நேரம்
கடலில் இறங்கி, எரிய எரியக் கழுவுவான்.

பிறகு கிண்ணியாக்காரர் அடித்தார்கள், மூதூர்க்காரர் அடித்தார்கள்.
அவனுக்கு இடப்பக்கம் போனதெல்லாம்
கடன் கேட்கப் போனவன் மாதிரித் திரும்பி வந்தது.

நான் பாலையூற்று அணியின் முன்வரிசை.
எனக்கு மட்டும் ஒன்று கண்ணில் பட்டது:
அவன் காற்சட்டையின் வலப்பக்கத்தில்
மண் இருப்பதேயில்லை.
ஆண்டுக் கணக்கில் ஒன்பது கோல்.
ஒன்பதும் அந்தச் சுத்தமான பக்கம்.
என் அணிக்காரருக்குக்கூட நான் சொல்லவில்லை.

எழுபத்திரண்டில் வானொலி சொன்னது:
கார் விபத்து,
இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு கண் போயிற்று.
அடுத்த ஞாயிறு றெஜினோல்ட்
வலக்கண்ணைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு வந்தான்.
றெபரி விசிலை வாயில் வைத்தபடி யோசித்தார்.
சட்டப் புத்தகத்தில் கண்களின் தொகை இல்லை.

ஆறு கோல் வாங்கினான்.
ஆறாவதை வலையிலிருந்து எடுத்துத் தந்தபோது சொன்னான்:
"பந்து கிட்ட வரேல்ல, மச்சான்.
நிண்ட இடத்தில நிண்டு பெருக்குது."

அந்த ஒற்றைக் கண்ணோடு அங்கே
அவன் மறுபடி ஆட வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது
றெஜினோல்ட் எழுந்து நின்றான்.
தேத்தண்ணிக் கடை. வாயில் வடை.

எண்பத்திரண்டில் ஓர்ஸ் ஹில்லில்
ஒரு கலியாண வீட்டுக்கு டெக் வாடகைக்கு வந்தது.
இரண்டு படத்துக்கு நடுவே ஒரு பழைய உலகக் கிண்ணம்.
தலையால் குத்திய பந்து நிலத்தில் பட்டு எழும்ப,
அவன் பாய்ந்தான்.
வலப்பக்கம்.

"திருப்பிப் போடு, தம்பி."
வலப்பக்கம்.
மூன்றாம் தரமும்.
நான் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
றெஜினோல்ட் எழுந்து சாரத்தை இறுக்கினான்:
"பாவம், பிழையான பக்கம் பாஞ்சிட்டான்.
எண்டாலும் தட்டிட்டான் பார்."

அடுத்த வருடத்திலிருந்து எங்களுக்கு
வேறு பக்கங்கள் இருந்தன.
மைதானத்துக்குள் முள்ளுக்கம்பி வந்தது.
கம்பங்களை யார் விறகாக்கினார்கள் என்று தெரியாது.

காப்பாளன் இறந்த செய்தி
கைப்பேசியில் வந்த இரவு
வேலியிடுக்கால் உள்ளே போனோம்,
இரண்டு கிழடுகள்.
புதுக் கம்பங்கள். கோல் வாசலில்
கோட்டையிலிருந்து வந்த புள்ளிமான்கள் மேய்ந்தன.
அவன் அவற்றை விரட்டவில்லை,
இடம் கேட்டு நடுவே போய் நின்றான்.
"அடி."

பந்து இல்லை. ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் கிடந்தது.
என் ஆயுளில் முதல் தடவையாக
அவனுக்கு இடப்பக்கம் அடித்தேன்.

அவன் வலப்பக்கம் சரிந்தான்,
முழங்காலை முதலில் வைத்து, மெதுவாக,
பாய் விரிக்கிற மாதிரி.

போத்தல் கோட்டைத் தாண்டி உருண்டது.
ஒரு மான் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.
வலப்பக்கத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல்
புல்லில் கிடந்தபடி றெஜினோல்ட் சொன்னான்:

"பத்து."